ஒட்டாக்கு

ஒட்டாக்கு என்பது அனிமே எனப்படும் இயங்குபடம், மங்கா எனப்படும் சித்திரக்கதை, நிகழ்பட ஆட்டம், பாடகர் குழு போன்ற ஏதேனும் ஒன்றில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ரசிகரைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லாகும். தொடர்வண்டி, ஒளிப்படக்கருவி போன்றவற்றில் மிகுந்த ஆர்வம் கொண்டோரையும் இச்சொல்லால் அழைப்பதுண்டு. ஒரு காலத்தில் இழிசொல்லாக இருந்த இதனை இன்று பல இளைஞர்கள் தயக்கமின்றித் தமக்கே சூட்டிக்கொள்கின்றனர். பொருள்களை வாங்கிக் குவிப்பவர் என்பது ஒட்டாக்கு பற்றிய பொதுவான எண்ணம். ஆனால் வரைதல், தைத்தல், எழுதுதல், இதழ் அச்சிடுதல் போன்ற செயல்களே இப்பண்பாட்டை வளர்த்தன.

சொல்லின் பொருள்

"ஒட்டாக்கு" என்பதன் நேர்ப்பொருள் "தங்கள் இல்லம்" என்பதாகும். எதிரில் இருப்பவரை மரியாதையுடன் விளிக்கும் முன்னிலைச் சொல்லாகவும் இது வழங்குகிறது. தமிழில் "தாங்கள்" என்று விளிப்பதற்கு இதை ஒப்பிடலாம். 1980களின் தொடக்கத்தில் அனிமே, மங்கா ரசிகர்கள் பலர், ஒத்த வயதினராக இருந்தும், ஒருவரையொருவர் இச்சொல்லால் அழைத்துக்கொண்டனர். "நீ, வா, போ" என்று பழக வேண்டிய வயதில் "தாங்கள்" என்று பேசிக்கொண்டது மற்றவர்களுக்கு வேடிக்கையாகத் தெரிந்தது. 1983இல் கட்டுரையாளர் நக்கமோரி அக்கியோ ஒரு மங்கா இதழில் இந்த ரசிகர்களைக் கேலி செய்து எழுதினார். அப்போது அச்சொல்லையே அவர்களுக்குப் பெயராகவும் வைத்தார்.

இழிவும் மீட்சியும்

1989இல் சிறுமிகளைக் கொலை செய்த குற்றத்துக்காக ஒருவர் கைது செய்யப்பட்டார். அவருடைய அறையில் ஆயிரக்கணக்கான நிகழ்பட நாடாக்கள் குவிந்திருந்த காட்சியை ஊடகங்கள் திரும்பத் திரும்பக் காட்டின. அவரை ஒட்டாக்கு என்றும் குறிப்பிட்டன. ஒருவர் செய்த குற்றத்தின் நிழல் அனைத்து ரசிகர்கள் மீதும் விழுந்தது. அதன் பின்னர் பல ஆண்டுகள் மாணவர்கள் தங்கள் விருப்பத்தைப் பள்ளியிலும் பணியிடத்திலும் மறைக்க வேண்டியிருந்தது.

2004இல் நூலாக வெளிவந்த "டென்ஷா ஒட்டோக்கோ" (தொடர்வண்டி மனிதன்) இந்நிலையை ஓரளவு மாற்றியது. கூச்ச இயல்புடைய ஒட்டாக்கு இளைஞர் ஒருவரின் காதலைச் சொல்லும் இக்கதை, 2005இல் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 2007இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் பிற நாட்டு மங்கா படைப்பாளிகளுக்கான பன்னாட்டு மங்கா விருதைத் தொடங்கியது. கேலிக்கு உள்ளான பொழுதுபோக்கு, நாட்டின் பெருமைகளுள் ஒன்றாகக் கருதப்படலாயிற்று.

ஒட்டாக்கு என்பதை "ஹிக்கிக்கோமோரி" என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பள்ளி, வேலை, நட்பு ஆகியவற்றிலிருந்து விலகி, ஆறு மாதமோ அதற்கு மேலோ வீட்டுக்குள்ளேயே முடங்கி வாழும் நிலையே ஹிக்கிக்கோமோரி. ஒட்டாக்கு இளைஞர்களுள் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே படிக்கின்றனர், வேலைக்குச் செல்கின்றனர்.

அன்றாட வாழ்க்கை

ஜப்பானில் இத்தகைய இளைஞர் ஒருவரின் நாள் பெரும்பாலும் வாரத்தின் கிழமைகளோடு பிணைந்தது. "ஷோனென் ஜம்ப்" வார இதழ் திங்கட்கிழமை கடைகளுக்கு வரும். 1968இல் தொடங்கப்பட்ட இவ்விதழ், 1990களின் நடுப்பகுதியில் வாரத்துக்கு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. முன்பு தொடர்வண்டியில் தடித்த இதழை விரித்துப் படித்தவர்கள் பலர். இன்று பெரும்பாலோர் கைபேசியில் படிக்கின்றனர். தமக்குப் பிடித்த மூன்று கதைகளைக் குறிப்பிட்டு வாசகர் அனுப்பும் வாக்குகள் இவ்விதழில் முதன்மையானவை. வாக்குகள் குறைந்தால் தொடர் விரைவில் நிறுத்தப்படலாம். இதனால் வாசகருக்கும் கதையின் போக்கில் பங்கு உண்டு.

மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அனிமே தொடர்கள் பல நள்ளிரவை ஒட்டி ஒளிபரப்பாகின்றன. புதிய தொடர்கள் பொதுவாக ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தொடங்கும். ஒரு பருவத்தில் 12 அல்லது 13 பகுதிகள் இருக்கும். மறுநாள் பள்ளி இருப்பதால் மாணவர்கள் அவற்றைப் பதிவு செய்தோ இணையவழியாகவோ பின்னர் பார்ப்பது வழக்கம். பல பள்ளிகளில் பாடநேரத்துக்குப் பின் செயல்படும் மன்றங்களுள் மங்கா மன்றமும் ஒன்று. அங்கே மாணவர்கள் கட்டம் பிரித்தல், மையிடுதல், உரையாடல் எழுதுதல் ஆகியவற்றைப் பழகி, ஆண்டு விழாவில் தம் இதழை வெளியிடுகின்றனர்.

விடுமுறை நாள்களில் டோக்கியோ ரசிகர்கள் செல்லும் இடங்கள் சில உண்டு. அக்கிஹபாரா, போருக்குப் பின் வானொலி உதிரிபாகங்கள் விற்ற சந்தையாக வளர்ந்து, பின்னர் மின்பொருள் கடைவீதியாகவும் அதன்பின் அனிமே, ஆட்டக் கடைகளின் மையமாகவும் மாறிய பகுதி. நக்கானோ பிராட்வே வணிக வளாகத்தில் பழைய மங்கா நூல்களும் அரிய பொம்மைகளும் கிடைக்கும். இக்கெபுக்குரோவில் உள்ள "ஒட்டோமே வீதி" பெண் ரசிகர்களுக்குப் பெயர்பெற்றது. வீட்டில் செய்யும் பொழுதுபோக்குகளுள் பிளாஸ்டிக் உருமாதிரி கட்டுதல் புகழ்பெற்றது. 1979இல் வெளிவந்த "குண்டம்" தொடரின் முதல் உருமாதிரி 1980இல் 300 யென்னுக்கு விற்கப்பட்டது. மாணவர் கைச்செலவுப் பணத்துக்கு எட்டும் விலை அது.

கோமிக்கெட்டும் தனிவெளியீடும்

ரசிகர்கள் தாமே எழுதி, வரைந்து, தம் செலவில் அச்சிடும் இதழ் "தோஜின்ஷி" எனப்படுகிறது. இவற்றை விற்பதற்கான பெருஞ்சந்தை "கோமிக் மார்க்கெட்", சுருக்கமாகக் கோமிக்கெட். இது 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் ஒரு சிறு அரங்கில் தொடங்கியது. அன்று பங்கேற்றவை 32 குழுக்கள். வந்தோர் ஏறத்தாழ 700 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுமியருக்கான மங்காவை விரும்பிய பள்ளி மாணவியர். ஒட்டாக்கு என்றால் ஆண்களே என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இதுவே சான்று.

இன்று ஆகஸ்டிலும் டிசம்பரிலும் டோக்கியோ பிக் சைட் அரங்கில் கோமிக்கெட் நடக்கிறது. 2019 டிசம்பரில் நான்கு நாள்களில் வந்தோர் எண்ணிக்கை சுமார் 7,50,000. தன்னார்வலர்களே இதை நடத்துகின்றனர். இங்கே "வாடிக்கையாளர்" என்று எவரும் இல்லை. விற்பவர், வாங்குபவர், ஒழுங்கு செய்பவர் அனைவரும் "பங்கேற்பாளர்" என்றே அழைக்கப்படுகின்றனர். பல குழுக்களுக்கு அச்சுச் செலவுகூடத் திரும்பக் கிடைப்பதில்லை. தம் நூலை ஒருவர் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பதே அவர்களுக்குப் போதுமான பயன்.

தோஜின்ஷி பலவும் பிறருடைய கதைமாந்தரைக் கொண்டு எழுதப்படுவதால் பதிப்புரிமைச் சிக்கல் எழுகிறது. பெரும்பாலான பதிப்பகங்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றன. ஆனால் இது உரிமை ஆகாது, சலுகை மட்டுமே. 1999இல் போக்கிமான் கதைமாந்தரை வைத்துத் தோஜின்ஷி வெளியிட்ட ஒருவர் கைது செய்யப்பட்டார்.

இத்தகைய பயிற்சிக் களங்களிலிருந்து தொழில்முறைப் படைப்பாளிகள் உருவாகினர். "கார்ட்கேப்டர் சக்குரா" படைத்த கிளாம்ப் குழுவினர் தோஜின்ஷி குழுவாகவே தொடங்கினர். 1981இல் ஒசாக்காவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்காகக் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு குறும் இயங்குபடம் செய்தனர். அவர்களுள் ஒருவரான ஹிதேயாக்கி அன்னோ, 1995இல் "இவாஞ்செலியன்" தொடரை இயக்கினார்.

வேடம் புனைதல்

கதைமாந்தரைப் போல உடையணிவது "கோசுப்புரே" எனப்படும். உடையைத் தாமே தைப்பது, பொய்முடியை வெட்டிச் சீராக்குவது, நுரைத் தகடுகளால் கவசம் செய்வது ஆகியவை இதில் அடங்கும். கோமிக்கெட்டுக்கு வேட உடையுடன் வருவதும் அதே உடையுடன் திரும்புவதும் தடை செய்யப்பட்டுள்ளன. அரங்கின் உடைமாற்றும் அறையிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். அனுமதி கேட்ட பின்பே ஒருவரைப் படம் எடுக்க வேண்டும். 2003 முதல் நகோயா நகரில் உலகக் கோசுப்புரே மாநாடு நடைபெற்று வருகிறது.

புனிதப் பயணம்

கதையில் வரும் உண்மையான இடங்களைத் தேடிச் செல்வதை ரசிகர்கள் "புனிதப் பயணம்" என்கின்றனர். 2007இல் "லக்கி ஸ்டார்" தொடரில் சைத்தாமா மாநிலத்தின் வஷினோமியா கோயில் காட்டப்பட்ட பின் அங்கு இளைஞர்கள் வரத் தொடங்கினர். வேண்டுதல் பலகைகளில் கதைமாந்தரை வரைந்து தொங்கவிட்டனர். உள்ளூர்க் கடைக்காரர்கள் அவர்களை விரட்டவில்லை. அவர்களோடு பேசிப் பழகினர். 2008இல் ஊர்த் திருவிழாவில் அத்தொடரின் கதைமாந்தர் வரைந்த பல்லக்கை ரசிகர்களே தோளில் சுமந்தனர்.

அளவும் எல்லையும்

தாம் மனமார ஆதரிக்கும் பாடகரையோ கதைமாந்தரையோ இளைஞர்கள் "ஒஷி" என்கின்றனர். அவருக்காகப் பொருள் வாங்குவது, நிகழ்ச்சிக்குச் செல்வது, பிறந்தநாள் கொண்டாடுவது ஆகியவை "ஒஷிக்கட்சு" எனப்படும். ஒரே பாடலின் குறுவட்டைப் பல படிகள் வாங்கத் தூண்டும் விற்பனை முறைகளால் சிலர் சக்திக்கு மீறிச் செலவிடுகின்றனர். ரின் உசாமி எழுதி 2021 ஜனவரியில் அக்குத்தகாவா பரிசு பெற்ற புதினம், ஒஷியையே வாழ்வின் முதுகெலும்பாகக் கொண்ட பள்ளி மாணவி ஒருத்தியின் நிலைகுலைவைச் சித்திரிக்கிறது.

ஒரு பொழுதுபோக்கு நலம் தருகிறதா என்பது அதற்குச் செலவாகும் நேரத்தை மட்டும் பொறுத்ததன்று. உறக்கம், படிப்பு, பணம் ஆகியவை குலையாமல் இருக்கின்றனவா, அதன் வழியே நண்பர்களும் புதிய திறன்களும் கிடைக்கின்றனவா என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் இளைஞர் என்ன பார்க்கிறார் என்று கேட்பதோடு, என்ன செய்கிறார் என்றும் கேட்டால் அவரை எளிதில் புரிந்துகொள்ள முடியும்.