ஒரு புள்ளியும் ஒரு தராசும்

தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் திருத்தி வழங்கப்படும் நாளில் வகுப்பறையில் இரண்டு கேள்விகள் எழும். முதலாவது, "உனக்கு எத்தனை?" என்பது. இரண்டாவது, "நானும் அதைத்தானே எழுதினேன், அவளுக்கு மட்டும் ஏன் இரண்டு புள்ளி கூட?" என்பது. முதற் கேள்விக்கான விடை தாளிலேயே இருக்கிறது. இரண்டாவது கேள்வி நீதியைப் பற்றியது. அதற்கு விடை காண, புள்ளி எவ்வாறு இடப்படுகிறது என்பதை மாணவிகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு புள்ளிதானே என்று இருந்துவிட முடியாது. 75 புள்ளி என்றால் 'ஏ' சித்தி. 74 என்றால் 'பி'. 35 என்றால் 'எஸ்'. 34 என்றால் 'டபிள்யூ'. 74 பெற்றவளுக்கும் 75 பெற்றவளுக்கும் அறிவில் உள்ள வித்தியாசம் ஒரு சிறு வாக்கியத்தின் அளவுதான். ஆனால் தேர்ச்சி அறிக்கையில் அது வேறு எழுத்தாக மாறிவிடுகிறது. பரிசளிப்பு விழாவில் மேடையேறுவது யார் என்பதையும் சில வேளை அந்த ஒரு புள்ளியே தீர்மானிக்கிறது.

பல்தேர்வு வினாக்களைத் திருத்தும்போது ஆசிரியர் தாமாகத் தீர்மானிக்க வேண்டியது எதுவுமில்லை. கணிதத்தில் இறுதி விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு. எந்தப் படிமுறை வரை சரியெனக் கொள்வது என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார். கட்டுரை, இலக்கிய நயம், வரலாற்று விளக்கம் ஆகியவற்றில் அவருடைய முடிவுக்கு இன்னும் கூடிய இடமுண்டு. விதி முழுமையாகச் சொல்லாத இடத்தில் தம் அறிவையும் அனுபவத்தையும் கொண்டு முடிவெடுக்கும் இவ்வுரிமையே தற்றுணிபு எனப்படுகிறது.

தற்றுணிபு எவ்வளவு தூரம் வேறுபடலாம்? 1912இல் அமெரிக்க ஆய்வாளர்களான டானியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகிய இருவரும் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளைப் பல பாடசாலைகளுக்கு அனுப்பித் திருத்துவித்தனர். அதற்கு 100க்கு 64 கொடுத்த ஆசிரியரும் இருந்தார். 98 கொடுத்தவரும் இருந்தார். மொழிப் பாடம் என்பதால்தான் இப்படி என்று எண்ணத் தோன்றும். ஆனால் அடுத்து அனுப்பப்பட்ட கேத்திரகணித விடைத்தாளில் வேறுபாடு இன்னும் கூடியது. இவர்கள் பாரபட்சம் காட்டியதாகச் சொல்ல முடியாது. எழுதியவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. எதற்கு எத்தனை புள்ளி என்று பொதுவாக உடன்படாமல் ஒவ்வொருவரும் தத்தம் அளவுகோலைப் பயன்படுத்தியதே பிரச்சினை.

எழுதியவர் யாரென்று தெரிந்திருந்தால் வேறொரு சிக்கலும் சேர்கிறது. ஒருவரிடம் கண்ட ஒரு நல்ல பண்பு, அவருடைய மற்றத் திறமைகளையும் உயர்வாகக் கணிக்கச் செய்துவிடுகிறது என்பதை உளவியலாளர் எட்வர்ட் தோண்டைக் 1920இல் எடுத்துக்காட்டினார். அழகிய கையெழுத்து, அடக்கமான நடத்தை, கடந்த தவணையில் பெற்ற முதலிடம் ஆகியன ஆசிரியர் அறியாமலேயே பேனையின் போக்கை மாற்றலாம். குழப்படி செய்யும் பிள்ளையின் நல்ல விடை சாதாரணமாகத் தெரிவதும் இதனாலேயே.

பொதுப் பரீட்சைகளில் இதற்குச் சில வேலிகள் உண்டு. விடைத்தாளில் பெயர் இராது, சுட்டெண் மட்டுமே இருக்கும். திருத்துவோர் அனைவருக்கும் ஒரே புள்ளித்திட்டம் வழங்கப்படும். பெறுபேற்றில் திருப்தியில்லாதவர் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பாசிரியைக்கோ பிள்ளைகளின் கையெழுத்து வரை பழக்கம். ஊர்ப் பாடசாலையில் அவரே சிலருக்கு மாமியாகவும் சாச்சியாகவும் இருப்பார். அங்கே வேலியை அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் தற்றுணிபை அடியோடு நீக்கிவிடலாமா? 2020இல் கொவிட்-19 காரணமாக இங்கிலாந்தில் ஏ லெவல் பரீட்சை நடைபெறவில்லை. ஆசிரியர்கள் மதிப்பிட்டுக் கொடுத்த தரங்கள், பாடசாலையின் முன்னைய பெறுபேறுகளையும் கணக்கிலெடுத்த ஒரு சூத்திரத்தின் மூலம் மாற்றப்பட்டன. ஏறத்தாழ 39 சதவீதமான தரங்கள் குறைந்தன. முன்னர் சிறந்த பெறுபேறு காட்டாத பாடசாலையில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தனக்கு முன் படித்தவர்களின் கணக்கால் பாதிக்கப்பட்டது. கடும் எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அச்சூத்திரம் கைவிடப்பட்டு ஆசிரியர்களின் மதிப்பீடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மனிதர் தவறலாம் என்பதற்காகச் சூத்திரத்திடம் ஒப்படைத்தால் நீதி தானாக வந்துவிடாது.

ஆகவே தற்றுணிபு வேண்டும். அது விடையைப் பார்க்க வேண்டும், எழுதியவளைப் பார்க்கக் கூடாது. ஓர் உதாரணம்: புள்ளித்திட்டத்தில் இல்லாத, ஆனால் சரியான ஒரு காரணத்தை ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். அதற்குப் புள்ளி வழங்குவதே நல்ல தற்றுணிபு. ஆனால் அத்துடன் வேலை முடியவில்லை. முன்னர் திருத்திய தாள்களை மீண்டும் எடுத்து, அதே காரணத்தை எழுதிய மற்றவர்களுக்கும் வழங்க வேண்டும்.

இன்னொரு மாணவியின் உம்மா பரீட்சைக் காலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவளால் படிக்க முடியவில்லை. அவள்மீது இரக்கம் வருவது இயல்பே. ஆனால் அந்த இரக்கத்தைப் புள்ளியாக எழுதினால், அவளுக்குப் பின்னால் தள்ளப்படும் பிள்ளைக்கு நடந்தது தெரியவே தெரியாது. அவளுக்கும் தன் உண்மையான நிலை தெரியாமற் போகும். மறுபரீட்சை எழுத ஒரு நாள் கொடுக்கலாம். விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். அதனால் எவருக்கும் நட்டமில்லை.

மாணவிகளுக்கும் பொறுப்பு உண்டு. விடைத்தாள் கிடைத்ததும் கூட்டலைச் சரிபாருங்கள். பின்னர் ஆசிரியையிடம், "டீச்சர், இந்த விடையில் என்ன குறைவு?" என்று கேளுங்கள். "இரண்டு புள்ளி கூட்டித் தாருங்கள்" என்று கெஞ்ச வேண்டாம். முன்னையது கற்கும் வழி. பின்னையது சலுகை கோருவது. பெற்றோரும் விளக்கம் கேட்கலாம். உறவையோ செல்வாக்கையோ அதற்குள் கொண்டுவரக் கூடாது. கேட்பவருக்குக் காரணம் சொல்ல ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் காரணம் சொல்லக்கூடிய புள்ளியே நேர்மையான புள்ளி.

அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன், அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரித்துத் தொடங்குகிறது. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரமும் தராசையே உவமையாக்குகிறது. கடைக்காரரின் தராசில் குறைந்தால் மீண்டும் நிறுத்துப் பார்க்கலாம். பிள்ளையின் உழைப்பை நிறுக்கும் தராசு ஆசிரியரின் கையிலேயே இருக்கிறது. அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.