தளராத கூடாரம்

1911ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தென்துருவப் பகுதியின் குரோசியர் முனையில் வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்டு ஆகிய மூவர் கடும்புயலில் சிக்கினர். கற்சுவர் எழுப்பி அதன்மேல் அவர்கள் கூரையாய் விரித்திருந்த கித்தான், காற்றில் அடிபட்டுக் கீற்றுக் கீற்றாகக் கிழிந்து போயிற்று. முன்னரே பறந்துபோன அவர்தம் கூடாரம் சரிவின் அடியில் மீண்டும் கிடைத்திராவிடின், மூவரும் உயிர் மீண்டிருத்தல் அரிது. துணியைக் கிழிப்பது காற்றின் விசை மட்டுமன்று. தளர்ந்த துணியின் ஓயாத படபடப்புமாகும். ஆதலின் கூடாரம் தைப்போர் முதற்கண் கருத வேண்டுவது இறுக்கமே.

நடுவே ஒரு கம்பு நிற்க, நான்கு முக்கோணத் துணிகள் சரிந்திறங்கும் பிரமிடு வடிவக் கூடாரத்தை வீட்டுத் தையற்பொறியிலேயே தைத்துவிடலாம். அடித்தளம் 240 செ.மீ. பக்கமுள்ள சதுரம், கம்பின் உயரம் 160 செ.மீ. எனக் கொள்வோம். முக்கோணத்தின் உயரமும் 160 என்று வெட்டினால் துணி தரையை எட்டாது. அடிப்பக்கத்தின் பாதி 120, கம்பு 160; பிதாகரஸ் தேற்றத்தின்படி சாய்வுயரம் 200 செ.மீ. ஆகும். மூலைத் தையலின் நீளம் ஏறக்குறைய 233 செ.மீ. தையலுக்கென ஒவ்வோர் ஓரத்திலும் 1.5 செ.மீ. கூட்டிக்கொள்க.

நெய்த துணி பாவின் திசையிலும் ஊடின் திசையிலும் அதிகம் நீளாது. மூலைவாட்டமாக இழுத்தால் நன்கு நீளும். எனவே முக்கோணத்தின் நடுக்கோடு பாவு நூலோடு ஒத்துச் செல்லவேண்டும். அவ்வாறாயின் மூலை ஓரங்கள் சாய்வாக அமைந்து நீளத் தலைப்படும். நேர்கோட்டில் வெட்டிய ஓரம் தொய்வதற்குக் காரணம் இதுவே.

இதற்குரிய மருந்து வளைகோடு. இரு முனைகளில் கட்டிய சங்கிலி தானே தொங்கும் வளைவின் இலக்கணத்தை ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி ஆகியோர் 1691இல் கண்டறிந்தனர். சுவரில் 233 செ.மீ. இடைவெளியில் இரு ஆணியடித்து, நடுவில் 4 செ.மீ. தாழுமாறு மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டு, அவ்வளைவை அட்டையில் படியெடுக்க. மூலை ஓரங்களை அவ்வச்சின்படி உட்புறம் குழிவாக வெட்டுக. இரு முனைகளையும் இழுக்குங்கால் குழிந்த ஓரம் நேராக முயலும். அம்முயற்சியே துணியின் நடுப்பகுதியையும் விறைப்பாக்கும்.

இரு ஓரங்களிலும் 20 செ.மீ.க்கு ஒரு குறியிட்டு, குறியோடு குறி பொருத்தி, உச்சியிலிருந்து கீழ்நோக்கியே எல்லாத் தையல்களையும் இடுக. திசை மாறினால் ஓரங்கள் வெவ்வேறாக நீண்டு கூடாரம் முறுக்கிக்கொள்ளும். ஓரங்களை ஒன்றினுள் ஒன்றாய் மடித்து இரட்டைத் தையல் போடுதல் நலம். உச்சிக்கும் நான்கு மூலைகளுக்கும் ஒட்டுத்துணி வைத்து வலுவூட்டுக.

முளையடிக்குங்கால் மூலைவிட்டங்கள் இரண்டும் 339 செ.மீ. உள்ளனவா என அளந்த பின்னரே கம்பை நிறுத்துக. நைலான் துணி ஈரத்தில் தளரும்; ஆதலின் மழை தொடங்கியதும் கயிறுகளை மீண்டும் இறுக்கவேண்டும். பாலியெஸ்டர் அத்துணை தளராது. வெட்டும் முன் அளவெடுக்கச் செலவிடும் ஒரு மணி நேரம், காற்றடிக்கும் இரவில் உள்ளே உறங்குவோரைக் காக்கும்.