காய்ச்சலில் மூளை இடும் கட்டளை

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் உழைக்கும் ஒருவர் காய்ச்சலில் விழுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். உடல் நடுங்குகின்றது, உணவு கசக்கின்றது, பிள்ளைகளின் பேச்சுக்கூட எரிச்சலூட்டுகின்றது. போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் அவரைப் பார்த்து, "ஒரு காய்ச்சலுக்கு இத்தனை சோம்பலா?" என்று வீட்டில் யாரேனும் கேட்டுவிடுகின்றனர். 2006ஆம் ஆண்டு தமிழகத்திலும் புதுச்சேரியிலும் சிக்குன்குனியா பரவியபோது, மூட்டுவலியால் முடங்கியவர்கள் பலர் இத்தகைய சொல்லைக் கேட்டிருப்பர். உண்மையில் அது சோம்பல் அன்று. மூளை இட்ட கட்டளை.

நோய்க்கிருமி உடலினுள் புகுந்ததும் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன்கள் எனும் புரதங்களை இரத்தத்தில் சுரக்கின்றன. அவை ஆபத்தை அறிவிக்கும் தூதுவர்கள். ஆனால், மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரோ கண்டதையெல்லாம் உள்ளே விடாத காவல் அரண். அப்படியானால் தூது எவ்வாறு சென்று சேர்கின்றது?

முதல் வழி அந்தச் சுவரே. தூதைப் பெற்ற சுவரணுக்கள் புரோஸ்டாகிளாண்டின் எனும் பொருளை உண்டாக்குகின்றன. அது மூளையினுள் ஊடுருவி, உடல் வெப்பத்தை ஆளும் ஹைப்போதலாமஸ் பகுதியின் நரம்பணுக்களை அடைகின்றது. அவை வெப்ப அளவை உயர்த்தி வைக்கின்றன. ஆகவேதான் வழக்கமான 98.6 டிகிரி பாரன்ஹீட் வெப்பமும் அப்போது குளிராகத் தோன்றி உடல் நடுங்குகின்றது. ஆஸ்பிரின் இப்பொருள் உண்டாவதைத் தடுக்கின்றது என்று 1971இல் காட்டிய ஆங்கிலேய அறிஞர் ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இரண்டாவது வழி, வயிற்றையும் நெஞ்சையும் மூளைத்தண்டோடு இணைக்கும் வேகஸ் நரம்பு. அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் சூக்கர் குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு வியப்புக்குரியது. சைட்டோகைன்களின் செய்தி இந்நரம்பின் வழியே எலிகளின் மூளைத்தண்டு நரம்பணுக்களை எட்டியது. அந்நரம்பணுக்களை அடக்கியபோது உடலின் அழற்சி கட்டுமீறிப் பெருகியது, தூண்டியபோது தணிந்தது. எனவே, மூளை செய்தியைக் கேட்பதோடு நில்லாமல், நோய் எதிர்ப்புப் போர் எல்லை மீறாதபடி கடிவாளமும் பிடிக்கின்றது.

பசியின்மையும் அயர்வும் தனிமை விருப்பமும் அதே செய்திக்கு மூளை தரும் மறுமொழியே. உடலின் ஆற்றல் வேறெங்கும் செலவாகாமல் நோயை எதிர்க்கவே அது இவ்வாறு ஒதுக்குகின்றது.

ஆகவே, நோயுற்றவரை ஏசாமல் ஓய்வும் நீராகாரமும் கொடுப்போம். டெங்கு பரவும் நம் பகுதியில், மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் தரலாகாது; அது இரத்தக்கசிவை மிகுவிக்கும். முதியோரிடம் காய்ச்சல் தெரியாமலே திடீர்க் குழப்பமும் பிதற்றலும் தோன்றினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அதுவும் நோய்த்தொற்றின் அறிகுறியாக இருக்கலாம்.