குழாய் வலையமைப்பில் ஓட்டமும் அழுத்தமும்: ரொறன்ரோவும் சென்னையும்

ரொறன்ரோ நகரின் குடிநீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து பெறப்படுகிறது. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 75 மீட்டர். நகரின் வடபுற மேட்டுநிலமோ சுமார் 200 மீட்டர். ஆகவே நகரம் அழுத்த மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, நீர் படிப்படியாக மேலேற்றப்படுகிறது.

இத்தகைய வலையமைப்பின் கணிதம் இரு விதிகளில் அடங்கும். ஒவ்வொரு சந்தியிலும் புகும் நீர், அங்கிருந்து வெளியேறும் நீரும் நுகரப்படும் நீரும் சேர்ந்த அளவுக்குச் சமம். ஒவ்வொரு மூடிய சுற்றிலும் அழுத்த இழப்புகளைத் திசைக்குறியோடு கூட்டினால் பூச்சியம் வரும். இழப்பு ஓட்டத்திற்கு நேர்விகிதத்தில் அமைவதன்று. ஏறத்தாழ அதன் வர்க்கத்தைப் பின்பற்றுவது. எனவே ஓர் ஊகத்தில் தொடங்கி, மீண்டும் மீண்டும் திருத்தியே விடை காணவேண்டும். இதற்குக் கையால் கணிக்கத்தக்க முறையொன்றை 1936இல் ஹார்டி கிராஸ் வகுத்தளித்தார்.

மரபான கணிப்பு, ஒவ்வொரு சந்தியின் நுகர்வும் முன்னரே அறியப்பட்டது எனக் கொள்கிறது. இடையறாது நீர் வழங்கும் ரொறன்ரோவிற்கு இது பொருந்தும். சென்னையின் பல பகுதிகளில் நீர் குறித்த நேரத்திற்கே வருகிறது. வீட்டார் கிடைக்கும் அழுத்தத்திற்கேற்ப நிலத்தடித் தொட்டியை நிரப்புகின்றனர். அங்கே மரபான கணிப்பு, அழுத்தமே இல்லாத கடைக்கோடி வீட்டிற்கும் முழு நீர் கிடைப்பதாகக் காட்டிவிடும்.

நுகர்வை அழுத்தத்தின் சார்பாகக் கொள்வதே இதற்குத் தீர்வு. ஈப்பாநெட் மென்பொருளின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்வசதியைத் தருகிறது. சமன்பாட்டின் எடுகோளைத் திருத்தினாலன்றிக் கடைக்கோடி வீட்டின் பற்றாக்குறை கணக்கில் தோன்றாது. கணக்கில் தோன்றாத குறையைத் திட்டமிட்டுக் களைதல் அரிது.