குழந்தைக்கு அறுவை சிகிச்சை: ஆயத்தம் பெற்றோருக்கும் வேண்டும்

குழந்தைகளுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் பல, காலையில் சேர்ந்து மாலையில் வீடு திரும்பக்கூடிய சிறிய சிகிச்சைகளே. அவற்றில் முன்வரிசையில் நிற்பது தொடை இடுக்கில் வரும் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. ஆண் குழந்தை கருவில் வளரும்போது விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து விதைப்பைக்கு இறங்கி வருகின்றன. அவை வந்த வழி பிறகு தானாக அடைபட வேண்டும். அடைபடாமல் போனால், குழந்தை அழும்போதும் முக்கும்போதும் குடலின் ஒரு பகுதி அதன் வழியே நழுவி வந்து புடைப்பாகத் தெரியும். தொப்புளில் வரும் புடைப்பு பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே சரியாகிவிடும், இது சரியாகாது. குடல் சிக்கி ரத்த ஓட்டம் தடைபடும் ஆபத்து முதல் ஆண்டில் மிகுதி என்பதால் மருத்துவர்கள் தள்ளிப்போட விரும்புவதில்லை. சிறு கீறல், இறங்கிய பையைப் பிரித்துக் கட்டுதல், சில தையல்கள்; அவ்வளவுதான் வேலை. ஆனால் “சின்ன ஆபரேஷன்தான்” என்று மருத்துவர் சொல்வது கீறலின் அளவை வைத்து. பெற்றோரின் காதில் விழுவதோ, பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்பது. இந்தப் பதற்றத்தைப் பாசத்தின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதே நம் வழக்கம். கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. குழந்தைக்கு எவ்வளவு வலிக்கும், எப்படிக் கண்விழிக்கும், எத்தனை நாளில் தேறும் என்பதிலெல்லாம் பெற்றோரின் மனநிலைக்குப் பங்கு உண்டு. ஆகவே பெற்றோரை ஆயத்தப்படுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

பெற்றோரைச் சிகிச்சையில் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் ஒன்றும் புதிதல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர், பத்தாண்டுகளில் ஏறத்தாழ 9,000 அறுவை சிகிச்சைகளைக் குழந்தைகளுக்குப் புறநோயாளிப் பிரிவிலேயே செய்து அன்றன்றே வீட்டுக்கு அனுப்பிய விவரத்தை 1909இல் வெளியிட்டார். கைக்குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வார்டில் கிடத்துவதால் பயனில்லை என்பது அவர் கட்சி. மருத்துவமனைகள் எதிர்த்திசையில் நடந்தன. தொற்று வரும், பெற்றோர் வந்து போனால் பிள்ளை அழும் என்று காரணம் சொல்லிப் பார்வை நேரத்தைச் சுருக்கின. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர், ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து லண்டன் மருத்துவர்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். அழாத குழந்தை அமைதியான குழந்தை என்ற நம்பிக்கையை அந்தப் படம் அசைத்தது. 1959இல் பிரிட்டிஷ் அரசுக்குத் தரப்பட்ட பிளாட் குழு அறிக்கை, குழந்தைகளைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பெற்றோரின் அச்சம் பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? 1985இல் அமெரிக்க உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. கண்ணாடித் தளத்தின் கீழே சுமார் ஓரடிப் பள்ளம் இருப்பதுபோல் தோன்றும். ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்று, எதிர்ப்புறம் இருக்கும் தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் மகிழ்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து போனார்கள். தாய் அச்சம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பேச்சு வருவதற்கு முன்பே, ஆபத்தா இல்லையா என்பதைக் குழந்தை பெரியவரின் முகத்தில் படித்துக்கொள்கிறது. அறுவை அரங்கின் வாசலிலும் அது தேடுவது அதே முகத்தைத்தான்.

குழந்தைக்குத் தொற்றும் அந்த அச்சத்துக்கு உடலளவில் விலை உண்டு. அமெரிக்க மயக்கவியல் நிபுணர் ஸீவ் கெயினும் குழுவினரும் டான்சில், அடினாய்டு அகற்றப்பட்ட 5 முதல் 12 வயது வரையிலான 241 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். சிகிச்சைக்கு முன் மிகவும் பயந்த குழந்தைகளுக்குப் பிறகு வலி அதிகம் இருந்தது, வீட்டில் வலி மருந்து அதிகம் தேவைப்பட்டது, தூக்கமும் கெட்டது. மயக்கம் தெளியும்போது தன்னிலை இழந்து அரற்றும் நிலை, பயந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கும், பயம் குறைந்தவர்களில் ஒன்றிரண்டு பேருக்கும் வந்தது. அதே குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் ஆன பிறகும் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கெட்ட கனவு, ஒட்டிக்கொண்டே இருத்தல், சாப்பிட மறுத்தல் போன்ற மாற்றங்களில் ஏதேனும் ஒன்று காணப்பட்டது.

அப்படியானால் பெற்றோரை உள்ளே விட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும். சான்றுகள் அதை ஆதரிக்கவில்லை. மயக்கம் கொடுக்கும்போது பெற்றோர் வெறுமனே உடனிருப்பதால் குழந்தையின் பயம் குறைவதில்லை என்பதே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டால் நடுக்கம்தான் தொற்றும். கெயின் குழு 2007இல் 408 குழந்தைகளை நான்கு பிரிவாக்கிச் சோதித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு; இன்னொன்றில் பெற்றோர் உடனிருப்பு; மூன்றாவதில் பயம் தணிக்கும் மருந்து. நான்காவதில், குடும்பத்தையே முன்கூட்டி ஆயத்தப்படுத்தினார்கள்: வீட்டில் பார்க்க வீடியோ, தொட்டுப் பழக மயக்க மருந்து முகமூடி, குழந்தையின் கவனத்தைத் திருப்பப் பெற்றோருக்குப் பயிற்சி. இந்தக் குழந்தைகள் முகமூடி வைக்கும் வேளையில் மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு இணையாக அமைதியாக இருந்தார்கள். விழித்தபின் அரற்றியது குறைவு, தேவைப்பட்ட வலி மருந்தும் குறைவு. வீடு திரும்பியதும் சீக்கிரம். பயன் தருவது பெற்றோர் உடன் நிற்பதல்ல, ஆயத்தத்தோடு நிற்பது.

ஆயத்தம் என்பதில் முதலாவது, பேசும் முறை. “ஒண்ணுமில்லை, பயப்படாதே” என்று திரும்பத் திரும்பச் சொல்வது நமக்கு இயல்பாக வருவது. ஊசி போடும் சமயத்துப் பேச்சை ஆராய்ந்தவர்கள், இந்தத் தேறுதல் மொழி கூடக்கூடக் குழந்தையின் கலக்கமும் கூடுவதைக் கண்டார்கள். கலங்கும் குழந்தையைத்தானே அதிகம் தேற்றுவார்கள், எது காரணம், எது விளைவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் பெற்றோரைப் பிரித்து, ஒரு சாராரைத் தேற்றவும் மறு சாராரைக் கவனம் திருப்பவும் பழக்கிச் சோதித்தார்கள். கவனம் திருப்பியதே பலன் தந்தது. கதை, பாட்டு, கைப்பேசியில் பிடித்த வீடியோ எதுவும் உதவும். பொய் உதவாது. கடைக்குப் போகிறோம் என்று அழைத்துவந்து அரங்கில் விடுவது அடுத்த முறைக்கான நம்பிக்கையையும் அழித்துவிடும். சாப்பிடாத பிள்ளையை “டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று மிரட்டும் வழக்கமும் இந்த இடத்தில்தான் வட்டியோடு திரும்பி வருகிறது. உண்மையை எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. ஆறு வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வாரம் முன்பே சொல்வது நல்லது. கடைசி நாளில் சொன்னால் பயம்தான் மிஞ்சும். மிகச் சிறியவர்களுக்கு முன்கூட்டியே விளக்குவதால் பயன் குறைவு. அவர்களுக்காகப் பெரியவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தெரிந்துவைத்திருக்க வேண்டியவற்றில் முக்கியமானது மயக்கத்தின் இயல்பு. செவோஃப்ளூரேன் என்ற வாயுவை முகர்ந்து உறங்கத் தொடங்கும் குழந்தையின் கண்கள் மேலே சுழலலாம், கைகால் உதறலாம், மூச்சு குறட்டைபோல் ஒலிக்கலாம். அது மயக்கத்தின் ஒரு படிநிலை. விழிக்கும்போது சில குழந்தைகள் தாயையே அடையாளம் தெரியாமல் கதறும். பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும். முன்பே சொல்லப்பட்டவருக்கு இது செய்தி, சொல்லப்படாதவருக்குப் பேரதிர்ச்சி. மயக்க மருந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்குமா என்ற அச்சத்துக்கும் பதில் இருக்கிறது. ஏழு நாடுகளில், ஹெர்னியா சிகிச்சை பெற்ற 722 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு முழு மயக்கமும் மறு பாதிக்கு முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசியும் தரப்பட்டன. ஐந்து வயதில் அவர்களின் நுண்ணறிவைச் சோதித்தபோது இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை என்று 2019இல் அறிவித்தார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் விடுத்த எச்சரிக்கை, மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது பலமுறை மயக்கம் கொடுப்பதைப் பற்றியது.

முன்பே தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று, வெறும் வயிறு. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம் என்பதால் பட்டினி அவசியம். ஒரு வாய்தானே என்று மறைவாக ஊட்டுவது உயிருக்கே ஆபத்து. ஆனால் இரவு முழுக்க நாவறள வைப்பதும் தேவையில்லை. திட உணவுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு மூன்று, தண்ணீருக்கு ஒரு மணி நேரம் போதும் என்கிறது ஐரோப்பிய மயக்கவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல். தாய்ப்பாலுக்கு நான்கு, தண்ணீருக்கு இரண்டு என்று வைத்திருக்கும் மருத்துவமனைகளும் உண்டு. நேரத்தைக் குறிப்பாகக் கேட்டு, அதன்படி நடப்பதே வழி. வீடு திரும்பிய பிறகு தவறு மறுபக்கம் நேர்கிறது. அமெரிக்காவில் டான்சில் அகற்றப்பட்ட குழந்தைகளைப் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வில், முதல் நாள் கணிசமான வலி இருப்பதாக 86 விழுக்காடு குழந்தைகளின் பெற்றோர் சொன்னார்கள். ஆனாலும் அக்குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு நாள் முழுதும் ஒரு வேளை மருந்தோ, அதுவும் இல்லாமலோதான் கிடைத்தது. எடைக்கேற்ற அளவில், மருத்துவர் சொன்ன இடைவெளியில் கொடுக்கப்படும் வலி மருந்து கெடுதல் செய்யாது. அழுது துடித்த பிறகு கொடுப்பதில்தான் பயன் குறைகிறது.

சின்னக் குழந்தைக்கு இதெல்லாம் நினைவிலா இருக்கப்போகிறது என்பது பழைய ஆட்சேபம். 1980கள் வரை பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பிய மருத்துவர்களும் இருந்தார்கள். 1987இல் கன்வல்ஜீத் ஆனந்த் குழுவினர், போதிய வலி நிவாரணம் பெற்ற குறைமாதக் குழந்தைகள் நன்றாகத் தேறியதைக் காட்டி அந்த நம்பிக்கையைத் தகர்த்தனர். கனடாவில் அன்னா டாடியோ 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரத்துப்போகும் மருந்தின்றி முன்தோல் நீக்கப்பட்ட ஆண் குழந்தைகள், மாதங்கள் கழித்துத் தடுப்பூசி போட்டபோது மற்றவர்களைவிட அதிகமாக வலியைக் காட்டினார்கள். மனம் மறந்ததை உடல் மறக்கவில்லை. இன்னொரு ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது: நூறு பேர் காத்திருக்கும் அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் நேரம் ஏது? பெற்றோர் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? எல்லாப் பெற்றோரையும் அரங்குக்குள் விடச் சொல்லவில்லை சான்றுகள். எத்தனை மணிக்குக் கடைசித் தண்ணீர், மயக்கத்தில் என்னென்ன நிகழும், என்ன பேசலாம், வலி மருந்து எந்த நேரத்தில் என்பவை தமிழில் ஒரு பக்கத்தில் அடங்கும். தொட்டுப் பார்க்க ஒரு முகமூடிக்கு ஆகும் செலவும் சொற்பம். பயந்து திமிறும் குழந்தையை நான்கு பேர் பிடிப்பதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்குக் குறைவாகவே ஆகும்.

அறுவை சிகிச்சைக்கு முன் எல்லா மருத்துவமனைகளிலும் பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த மேசையிலேயே இந்த விளக்கத்தையும் தருவது மருத்துவமனைகளின் கடமை. தராவிட்டால், மயக்கவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் கேட்க வேண்டும். மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.