வராத போனஸை நம்பி இஎம்ஐ போடலாமா?

"அடுத்த வருஷம் இன்க்ரிமென்ட் வந்துடும்"னு நம்பி கார் லோன் எடுக்கப் போறீங்களா? லீட்ஸ் யுனைடெட் கதையைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

2001-ல் இந்த இங்கிலாந்து கால்பந்து கிளப் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. வருங்கால டிக்கெட் வசூலைக் காட்டி சுமார் 6 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். வருஷா வருஷம் சாம்பியன்ஸ் லீக் பணம் வரும் என்பதுதான் கணக்கு.

அதுக்கப்புறம் அந்த வாய்ப்பு வரவே இல்லை. வரவு நின்னுச்சு, வட்டியும் வீரர்களின் சம்பளமும் நிக்கல. ரியோ ஃபெர்டினாண்ட், ராபி கீன், வுட்கேட் என நல்ல வீரர்களை விற்றார்கள். அணி பலவீனமானது, தோல்விகள் குவிந்தன. 2003-04 சீசனில் போராடியும் 19-ம் இடம். பிரீமியர் லீகை விட்டே வெளியே. திரும்பி வர 16 வருஷம் ஆச்சு.

நம்ம வீட்டில் இதுக்குப் பேர், எஸ்ஐபியை உடைக்கிறது, நகையை அடகு வைக்கிறது.

அதனால லோனில் கையெழுத்து போடும் முன்:

1. போனஸ், இன்சென்டிவ் சேர்க்காமல், இன்னைக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் இஎம்ஐ கட்ட முடியுமா பாருங்க.
2. இஎம்ஐ உட்பட 6 மாதச் செலவைத் தனியா வைங்க.

இரண்டில் ஒன்று இல்லைனாலும், காரைத் தள்ளிப் போடுங்க.