மரைக் குழலுக்கு எந்தக் குண்டு?

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கும் மான் வேட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். கேள்வி கனடாவிலிருந்து வந்தது. ஒன்டாரியோவில் குடியிருக்கும் என் அக்காள் மகன், முறைப்படி பயிற்சி முடித்து, துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் வாங்கிக்கொண்டு, சென்ற நவம்பரில் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போனான். அறுபது கெஜ தூரத்தில் நின்ற மானைச் சுட்டான். தோளுக்குப் பின்னால் படவேண்டிய குண்டு பின்தொடையில் பட்டது. இருட்டும்வரை இரத்தத் தடம் பார்த்துத் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அந்த ஜீவன் ஒரு வாய்க்கால் ஓரத்தில் கிடைத்ததாம்.

"மாமா, என் கை நடுங்கவில்லை, துப்பாக்கியும் புதிது. பின் ஏன் இப்படி?" என்று போனில் கேட்டான். குரல் சரியாக இல்லை. தோட்டாப் பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். "ரைபிள்டு ஸ்லக்" என்றான். காரணம் புரிந்துவிட்டது.

மேலே போகுமுன் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு பொழுதுபோக்கு வேட்டை முடிந்துபோன கதை. கென்னத் ஆண்டர்சன் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஜவளகிரிக் காட்டில் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப்போன காலம் வேறு. ஆகவே இதை யாரும் அழைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நம் பிள்ளைகள் பலர் வேட்டை சட்டபூர்வமாக நடக்கும் நாடுகளில் வாழ்கிறார்கள். தளி, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த சில குடும்பங்களில் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியும் இன்னும் உரிமத்தோடு இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இது.

மானைச் சுட ரைபிள் இருக்கும்போது ஷாட்கன் எதற்கு? தெற்கு ஒன்டாரியோ சமவெளி; வயலும் வீடும் கலந்த இடம். ரைபிள் குண்டு குறி தப்பினால் வெகுதூரம் போகும். அதனால் அங்கே பல பகுதிகளில் மான் வேட்டைக்கு ஷாட்கன், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, வில் ஆகியவற்றையே அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ, இண்டியானா, அயோவா மாநிலங்களிலும் வெகுகாலம் இதே கட்டுப்பாடு இருந்தது. பறவைக்குச் சிறு ரவைகள் போடும் துப்பாக்கியில் மானுக்காக ஒரே ஒரு கனத்த ஈயக் குண்டைப் போடுகிறார்கள். அதற்குப் பெயர்தான் ஸ்லக்.

நம் ஊரில் எல்லோரும் சொல்லும் "பன்னிரண்டு போர்" என்பதற்குப் பொருள், ஒரு ராத்தல் ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை வார்த்தால் ஒவ்வொன்றும் அந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும் என்பது. விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். ரவைக்கான குழல் உள்ளே கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். ரைபிள் குழலிலோ உள்ளே மரை ஓடும். பட்டறைக்காரர்கள் திரெட் என்போமே, அதுதான். ஆனால் மிக நீளமான பிட்ச். ஸ்லக் சுடுவதற்கென்றே வரும் மரைக் குழல்களில் பெரும்பாலும் 28 அல்லது 35 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதுபோல், சுழன்று போகும் குண்டு தலைகீழாகப் புரளாமல் நேராகப் போகும்.

இரண்டு குழலையும் ஒன்றாக்க முயன்றவர் இந்தியாவில் பணியாற்றிய ஓர் இராணுவ அதிகாரி. ஜார்ஜ் ஃபாஸ்பரி என்று பெயர். 1863ஆம் ஆண்டு எல்லைப்புற அம்பேலா போரில் விக்டோரியா கிராஸ் பெற்றவர். காடைக்கும் கௌதாரிக்கும் போனவன் முன்னால் கரடி வந்து நின்றால் என்ன செய்வது என்பதுதான் அன்றைய இந்தியக் காட்டுப் பிரச்சினை. குழல் முழுக்க மரை போட்டால் ரவைகள் சுழன்று, நடுவில் ஓட்டையோடு வளையமாகச் சிதறிவிடும். மரையே இல்லாவிட்டால் குண்டு நேராகப் போகாது. ஃபாஸ்பரி குழலின் கடைசி இரண்டு அங்குலத்துக்கு மட்டும் மரை போட்டு 1885இல் காப்புரிமை பெற்றார். லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி அதைப் "பாரடாக்ஸ்" என்ற பெயரில் விற்றது. ரவையும் சுடும், நூறு கெஜம்வரை குண்டும் சுடும். அந்தப் பெயருக்கு முரண் என்று அர்த்தம், பொருத்தமான பெயர்தான்.

இனி குண்டுக்கு வருவோம். 1898இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரென்னகே ஒரு குண்டு செய்தார்: திடமான ஈயம், வாலில் இறுக்கிப் பொருத்திய தக்கை. 1931இல் அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் செய்ததோ உள்ளே குடைந்த குண்டு. முன்பக்கம் கனம், பின்பக்கம் கூடு. பூப்பந்து தலையை முன்னால் வைத்துப் பறக்கிறதல்லவா, அதே தத்துவம். இரண்டுமே வழவழப்பான குழலுக்காகப் பிறந்தவை. இரண்டின் வெளிப்புறத்திலும் சாய்வான வரிகள் இருக்கும். குண்டு குழலின் நுனியில் உள்ள குறுக்கத்தைக் கடக்கும்போது நசுங்கி இடம் கொடுக்கத்தான் அந்த வரிகள். சுழற்றுவதற்காக என்று நினைப்பது தவறு. ஆனால் வரி இருப்பதால் ஃபாஸ்டர் குண்டுக்குச் சந்தையில் "ரைபிள்டு ஸ்லக்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ரைபிள்டு குழலுக்கு ரைபிள்டு ஸ்லக்" என்று என் மருமகன் வாங்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது.

மரைக் குழலில் மெத்தென்ற ஈயத்தைச் சுட்டால் முதல் சில குண்டுகள் நன்றாகவே போகலாம். பிறகு ஈயம் மரைப் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். அதன்பின் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அவன் பயிற்சிக்கென்று இருபதுக்கு மேல் சுட்டுவிட்டு, குழலைச் சுத்தம் செய்யாமலே காட்டுக்குப் போயிருக்கிறான்.

மரைக் குழலுக்கு உரியது சேபட் குண்டு. சேபட் என்றால் பிரெஞ்சுக்காரர்களின் மரச் செருப்பு. ஏறக்குறைய அரை அங்குல விட்டமுள்ள குண்டு பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருக்கும். மரையைப் பிடித்துச் சுழல்வது உறை. குழலை விட்டு வெளியே வந்ததும் உறை கழன்று விழ, குண்டு சுழன்றபடி போகும். வழவழப்புக் குழலில் ஃபாஸ்டருக்கு எழுபது எண்பது கெஜம் நல்ல எல்லை என்றால், இதற்கு நூற்றைம்பதுவரை நம்பலாம். விலை பல மடங்கு. இதையே வழவழப்புக் குழலில் போட்டால் சுழலாமல் புரண்டுபோகும், காசுக்குக் கேடு. பிரென்னகே வகையில் சிலவற்றை மரைக் குழலிலும் சுடலாம், பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் மட்டும்.

எந்தக் கம்பெனி சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. ஒரே அச்சில் வந்த இரண்டு குழல்கள்கூட வெவ்வேறு குண்டை விரும்பும். ஸ்லக் பெரும்பாலும் ஐந்து ஐந்தாகப் பெட்டியில் வருகிறது. மூன்று கம்பெனியில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்து, 50 கெஜத்தில் மும்மூன்று சுட்டுப் பார்க்க வேண்டும். கம்பெனி மாற்றும்போது குழலைத் துடைக்க வேண்டும். எது நெருக்கமாகப் படுகிறதோ அதுதான் அந்தக் குழலின் குண்டு.

வீட்டில் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இன்றைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அதற்குள் தாராளமாக நுழைந்துவிடும், ஏனெனில் அதன் வாய் மடித்திருக்கிறது. வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நுழைகிறதே என்று சுடக்கூடாது. அறையின் அளவைத் தெரிந்த கன்ஸ்மித்திடம் காட்டிப் பார்க்கவேண்டும்.

தோட்டத்தைக் காட்டுப் பன்றி அழிக்கிறது என்று ஒருவர் அப்படிப்பட்ட குழலை என் பட்டறைக்கே கொண்டுவந்து, "உள்ளே மரை போட்டுத் தாருங்கள்" என்றார். மறுத்துவிட்டேன். ஷாட்கன் குழலின் சுவர் மெல்லியது. அதில் பள்ளம் வெட்டினால் வெடித்துச் சுடுகிறவரின் இடது கையைத்தான் முதலில் பதம் பார்க்கும். மேலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றி அமைக்கவோ பழுது பார்க்கவோ தனி உரிமம் வேண்டும். குழலைக் குறுக்குவதும் குற்றம். பன்றித் தொல்லை பொய்யல்ல. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக, உரிமம் பெற்றவர்களைக் கொண்டு சுட ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். வந்தவரை வனத்துறை அலுவலகத்துக்கு மனு எழுதச் சொல்லி அனுப்பினேன். அவருக்கு என்மேல் வருத்தம்தான்.

மருமகன் வெண்கலத் தூரிகையால் இரண்டு நாள் தேய்த்து ஈயத்தை எடுத்தான். பிறகு மூன்று வகை சேபட் வாங்கிச் சுட்டு, அட்டையைப் படம் பிடித்து அனுப்பினான். மிக விலை உயர்ந்தது ஒரு சாண் அகலத்துக்குச் சிதறியிருந்தது. நடுத்தர விலைக்காரனின் மூன்று துளைகளையும் ஒரு காபி டபராவால் மூடிவிடலாம். மீந்துபோன ஃபாஸ்டர் தோட்டாக்களை, வழவழப்புக் குழல் வைத்திருக்கும் தன் மாமனாரிடம் கொடுத்துவிட்டானாம்.